உடைமரத்தில் ஏறிய தையல் பெட்டி

கூனம்பொத்தைக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு மனசு சங்கடப்படும். அதனால் நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. அவர்கள் கவனமானவர்கள், அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொன்னால் அதை வழியில் கொஞ்சமும் சிந்தாமல், சொன்னது சொன்னபடி ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். சேர்த்த பிறகு நடப்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை.

அந்த ஊரில் தையற்காரர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. சட்டை வேண்டுமென்றால் சந்தையில் வாங்குவார்கள். துணி கிழிந்தால் கிழிந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவார்கள். ஊருக்குப் பெரிய மனிதர் கொம்பையா. அவர் வேட்டியில் மட்டும் பதினோரு முடிச்சு இருந்தது. எந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் எந்த இடத்திலும் உட்காருவார்.

கொம்பையாவின் அக்கா மகன் மாசானம். இருபத்தேழு வயது, நல்ல உழைப்பாளி, யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவன். வெள்ளாங்கரைக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் காற்றடித்துப் பந்தல் துணி டர்ரென்று கிழிந்தது. ஒரு பெண் வந்தாள், ஸ்டூலில் ஏறினாள், கிழிசல் இருந்த இடமே தெரியாமல் தைத்துவிட்டு இறங்கினாள். இறங்கும்போது மாசானத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவன் சட்டையின் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தான். தையல் தெரிந்தவர்களுக்கு அது உடனே கண்ணில் படும். மாசானத்துக்குச் சிரிப்பு மட்டும்தான் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைக் கட்டுவது, இல்லையென்றால் இப்படியே இருந்துவிடுவது என்று முடிவுசெய்துவிட்டான்.

அவள் பெயர் ஆவுடைத்தங்கம். அப்பா சங்கரநயினார். சேலையில் பூத்தையல் போடுவதில் வெள்ளாங்கரையிலேயே முதல் ஆள். கொம்பையா பெண் கேட்டுப் போனதும் அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது.

பரிசம் போடுவதற்கு எட்டு நாள் முன்னால் பெண்ணின் தையல் பெட்டியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். பெட்டியில் ஏழு சாமான் இருக்கும். பரிசத்தன்று சபையில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்கள். இது எதற்கு என்று மாப்பிள்ளை சொல்லவேண்டும். இரண்டு தப்பு வரைக்கும் பொறுப்பார்கள். மூன்றாவது தப்புக்கு வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் அப்படித் திரும்பிப் போன தட்டுகள் ஏற்கெனவே நாலு.

சங்கரநயினார் பெட்டியை மாசானத்தின் கையில் வைத்துச் சொன்னார்: “எல்லாம் வெள்ளைக்காரத் துரைசானி காலத்துச் சாமான் மாப்ளே. இப்ப எந்தக் கடையிலயும் கிடைக்காது. யார்கிட்டயும் கேக்கக் கூடாது. கையில எடுத்துப் பழகுங்க, அதுவே உங்களுக்குச் சொல்லும். ஒண்ணே ஒண்ணு, பெட்டியைத் தரையில மட்டும் வச்சிராதீங்க. ஈரம் ஏறித் துருப்பிடிச்சிரும்.”

மாசானம் தலையாட்டினான். கொம்பையா தலையாட்டினார். கூடப் போயிருந்த வண்டிக்காரன் வண்டிமலையும், கூட்டாளி பலவேசமும் தலையாட்டினார்கள். நாலு பேரும் அந்த வார்த்தைகளைச் சிந்தாமல் ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

கொம்பையா வீட்டு முற்றத்தில் முதல் பிரச்சினை வந்தது. பெட்டியை எங்கே வைப்பது?

“பெஞ்சு மேல வைப்போம்,” என்றான் பலவேசம்.

“பெஞ்சு எங்க நிக்கி?” என்று கேட்டார் கொம்பையா.

பலவேசம் குனிந்து பார்த்தான். “தரையில.”

“அப்ப பெட்டி எங்க இருக்கும்?”

மாசானம் பெட்டியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னான். கொம்பையா அவன் காலைச் சுட்டிக்காட்டினார். அதுவும் தரையில்தான் இருந்தது. மாசானம் பதறிப்போய் ஒரு காலைத் தூக்கினான். இன்னொன்றைத் தூக்க முடியவில்லை.

வண்டியில் வைக்கலாமென்றால் வண்டிக்குச் சக்கரம் தரையில். பெரிய பானையில் தண்ணீர் நிரப்பி மிதக்கவிடலாமென்றால் ஈரம் ஏறிவிடும். கடைசியில் வண்டிமலை மேலே பார்த்தான். முற்றத்துக்கு எதிரே ஓர் உடைமரம் நின்றது.

“மரமும் தரையிலதான நிக்கி?” என்றான் பலவேசம். ஒரு தடவை மாட்டிக்கொண்டவன் என்பதால் இப்போது அவனும் விவரமாகியிருந்தான்.

கொம்பையா மரத்தடிக்குப் போய் வேரைச் சுற்றி வந்தார். மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தார். திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்: “மரம் தரையில நிக்கல. தரைக்குள்ள நிக்கி.”

அப்படியாகத் தையல் பெட்டி உடைமரத்தின் நடுக்கிளையில் தொட்டில் கட்டித் தொங்கியது. ஆராய்ச்சி செய்ய நாலு பேரும் மரத்தில் ஏறினார்கள். உடைமரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: அதில் இலையைவிட முள் அதிகம். கொம்பையாவின் வேட்டியில் அன்று சாயங்காலத்துக்குள் முடிச்சு பதினொன்று பத்தொன்பதாகிவிட்டது.

முதல் நாள் அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை. ‘அதுவே உங்களுக்குச் சொல்லும்’ என்று சங்கரநயினார் சொல்லியிருந்தார் அல்லவா? ஆளுக்கொரு சாமானைக் காதோரம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

“உனக்கு ஏதாச்சும் சொல்லுதாலே?” என்று கேட்டார் கொம்பையா.

“இல்ல மாமா. புது ஆளுல்லா, கூச்சமா இருக்கும்,” என்றான் மாசானம்.

இரண்டாம் நாளும் அவை பேசவில்லை. சரி, கையில் எடுத்துப் பழகினால்தான் பேசும்போலிருக்கிறது என்று ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தது ஒரு சின்னப் பித்தளைக் குப்பி. கட்டைவிரல் உயரம், உடம்பெல்லாம் குழி குழியாக இருந்தது. அம்மை வார்த்த டம்ளர் என்றான் பலவேசம். டம்ளர் என்றால் பழகிப் பார்ப்பதற்குக் காப்பிதான் சரி. சொம்பு நிறையக் காப்பி கொண்டுவந்து நாலு பேரும் அதில் மாறி மாறி ஊற்றிக் குடித்தார்கள். குடித்து முடிக்க உச்சிப்பொழுதாகிவிட்டது. காப்பி ஆறிப்போனதைத் தவிர வேறு குறை சொல்லமுடியாது. கடைசிச் சொட்டைத் துடைக்க மாசானம் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டான். விரல் போனது. திரும்பி வரவில்லை.

வண்டிமலை இழுத்தான். பலவேசம் வண்டிமலையை இழுத்தான். மாசானம் கிளையிலிருந்து நழுவினான். விழும்போது கண்ட கிளையையெல்லாம் பிடித்துக்கொண்டே விழுந்தான். கீழே வந்து எழுந்து பார்த்தால் ஒன்பது விரலிலும் முள். குப்பி மாட்டிய விரலில் மட்டும் ஒன்றுமில்லை.

“மாமா, இதுல குத்தல!” என்றான் மாசானம். மற்ற ஒன்பது விரலும் எரிந்தாலும் அவன் முகத்தில் ஒரே சந்தோஷம். ஒரு சாமான் பேசிவிட்டது.

அடுத்தது கைப்பிடி வைத்த ஒரு சின்ன இரும்புச் சக்கரம். விளிம்பெல்லாம் பல். சக்கரம் என்றதும் வண்டிமலை அதை யாருக்கும் தரவில்லை. “இது நம்ம தொழில்,” என்று சொல்லிவிட்டு மண்ணில் உருட்டினான். போகிற பாதையெல்லாம் புள்ளி புள்ளியாக வரிசை விழுந்தது. அன்றைக்கு அவனுக்குச் சந்தைக்குப் போகிற வேலை இருந்தது. வழி தவறாமல் திரும்பி வர இதைவிட நல்ல சாமான் உண்டா? குனிந்தபடியே உருட்டிக்கொண்டு இரண்டு மைல் போனான். முப்பது வருஷமாக அவன் தினம் போகிற பாதை அது. திரும்பும்போது பார்த்தால் நடுவே ஓர் ஆட்டுமந்தை போயிருந்தது, புள்ளிகளைக் காணோம். பாவம், அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மறுநாள் காலையில் ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள்.

“புள்ளி இருக்கிற வரைக்கும் தப்பே இல்ல மாப்ளே,” என்று அவன் மாசானத்திடம் உறுதியாகச் சொன்னான்.

மூன்றாவதாக மரப்பிடி போட்ட ஒரு கூர்மையான கம்பி. கையில் எடுத்ததும் கொம்பையாவுக்கு எதையாவது குத்திப் பார்க்கவேண்டும்போல இருந்தது. பக்கத்தில் அவருடைய குடைதான் இருந்தது. குத்தினார். அழகான வட்டமாக ஓட்டை விழுந்தது. அந்த வட்டத்தின் அழகில் மயங்கி நாற்பது ஓட்டை போட்டுவிட்டார்.

நாலாவது சாமான் காளான் மாதிரி இருந்தது. வழவழப்பான மரத்தலை, கீழே ஒரு காம்பு. மோர் கடைந்து பார்த்தார்கள், வெண்ணெய் வரவில்லை. கதவு தட்டிப் பார்த்தார்கள், வீட்டுக்குள்ளிருந்த கொம்பையாவின் சம்சாரம் வந்து திட்டிவிட்டுப் போனாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாலு பேரும் மரத்தில் அந்தக் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாற்பது இடத்தில் ஒழுகியது.

“மாமா, ஓட்டைக்கு அடியில இதைப் பிடிங்க,” என்றான் மாசானம்.

கொம்பையா மரக்காளானின் தலையை ஓர் ஓட்டைக்கு அடியில் வைத்து அழுத்தினார். அந்த இடத்தில் ஒழுகல் நின்றது. எல்லோரும் ஆகாவென்றார்கள். மற்ற முப்பத்தொன்பதைப் பற்றிப் பலவேசம் கேட்டதும், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி மழை விடும்வரை கொம்பையா ஓட்டைக்கு ஓட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு பேரும் சொட்டச் சொட்ட நனைந்தார்கள். பெட்டி மட்டும் நனையவில்லை, அதன்மேல் பலவேசம் படுத்திருந்தான்.

மழை விட்ட பிறகு, “எனக்கு ஒண்ணு விளங்கல,” என்றான் பலவேசம். “ஒரே பெட்டிக்குள்ள ஓட்டை போடுதவனும் இருக்கான், ஓட்டையை அடைக்கவனும் இருக்கான். எப்படி ஒத்துமையா இருக்கானுவ?”

“எங்க வீட்டுல இல்லியா?” என்றார் கொம்பையா. அது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ஐந்தாவது ஒரு பித்தளைக் குருவி. காலுக்குப் பதில் மேஜையில் முறுக்கி மாட்டுகிற மாதிரி ஒரு திருகு. வாலை அமுக்கினால் அலகு திறந்தது, விட்டால் படக்கென்று மூடியது. உயிருள்ள ஜீவன் என்பதால் முதலில் அதற்கு அரிசி வைத்தார்கள். தின்னவில்லை. கம்பு வைத்தார்கள். தின்னவில்லை.

“வீட்டு நெனப்பா இருக்கும்,” என்றான் மாசானம். அவனுக்கும் அதே வீட்டு நினைப்பாக இருந்ததால் குருவியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆறுதல் சொல்லக் கொம்பையா வாலைப் பிடித்துத் தூக்கி முகத்துக்கு அருகே கொண்டுபோனார். அலகு திறந்தது. “ஏ தாயி, இன்னும் மூணு நாளுதான்,” என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்தார். அலகு மூடியது. நடுவில் அவருடைய மீசையின் வலதுபக்கம் இருந்தது.

“வலிக்கா மாமா?”

“வலியெல்லாம் இல்ல. மரியாதைக் குறைவா இருக்கு.”

வாலை அமுக்கினால் திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாப்பிடாமல் கிடந்த குருவி முதல்முதலாக ஒன்றைக் கவ்வியிருக்கிறது, அதைப் பிடுங்குவது பாவம் என்று பலவேசம் சொன்னான். கொம்பையாவும் இளகிய மனசுக்காரர். ஒன்றரை நாள் குருவியோடுதான் ஊரில் நடமாடினார். பஞ்சாயத்துக் கூட்டத்தில்கூட இரண்டு வழக்கைக் குருவியோடு தீர்த்துவைத்தார்.

ஆறாவது இரண்டு மர வளையம், ஒன்றுக்குள் ஒன்று. பலவேசம் அதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். எதிரே கொம்பையா உட்கார்ந்திருந்தார். பலவேசத்தின் முகம் வெளிறிப்போயிற்று.

“இது கண்ணாடி,” என்றான் நடுங்கிக்கொண்டே. “ஆனா எனக்கு ரொம்ப வயசாயிட்டு மாப்ளே. மீசையில குருவி வேற.”

அவனைத் தேற்றுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஏழாவது கத்தரிக்கோல். கறுப்பு இரும்பு, நீளமான அலகு. அதைப் பார்த்ததும் கொம்பையாவுக்கு நிம்மதி வந்தது. “இதை எனக்குத் தெரியும். பாக்கு வெட்டுதது. எடு, ஒண்ணு வெட்டிப் பழகுவோம்.”

மாசானம் கொடுக்கவில்லை. கத்தரியின் பிடியில் ஒரு பழைய நீலத் துணி நாடா சுற்றியிருந்தது. கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் அந்த நீலம் வெளுத்து, நூல் நூலாகத் தேய்ந்திருந்தது. அது அவளுடைய விரல் பட்ட இடம். மாசானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எத்தனை நாள், எத்தனை துணி வெட்டியிருந்தால் அந்த இடம் அப்படித் தேய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தான்.

“இது வேண்டாம் மாமா. இதை யாரும் தொடவேண்டாம்,” என்றான்.

“தொடாம எப்படிலே பழகுவ? தப்பாச் சொன்னா தட்டு திரும்பிரும்.”

“திரும்பட்டும்,” என்றான் மாசானம். வாழ்க்கையில் முதல்முதலாக மாமாவை எதிர்த்துப் பேசியதில் அவனுக்கே வேர்த்துவிட்டது. கத்தரிக்கோலைத் துண்டில் பொதிந்து பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

பரிசத்தன்று சங்கரநயினார் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. எல்லாம் ஊசி பிடித்த கை. ஆவுடைத்தங்கம் உள்கதவுக்கு அருகே நின்றாள். மாசானம் இந்தத் தடவை சட்டையைச் சரியாகப் போட்டிருந்தான். கொம்பையா இரண்டு முறை சரிபார்த்திருந்தார்.

சங்கரநயினார் பித்தளைக் குப்பியைத் தேடினார். அது இன்னும் மாசானத்தின் விரலில்தான் இருந்தது. மாசானம் விரலை நீட்டி, “இது போட்டா குத்தாது,” என்றான்.

“சரி!” என்றார் சங்கரநயினார். “அங்குஸ்தான். ஊசி குத்தாம இருக்கத்தான்.” கூடம் சந்தோஷமாக முணுமுணுத்தது.

சக்கரம் வந்தது. “போகவேண்டிய வழியைப் புள்ளி வச்சுக் காட்டும். புள்ளி இருக்கிற வரைக்கும் தப்பே இல்ல.”

“சரி! தையல் போகவேண்டிய கோட்டைத் துணியில காட்டத்தான்.” வண்டிமலை மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

கூரான கம்பி. “இது குடையில ஓட்டை போடுதது.”

“தப்பு. பூவேலைக்குத் துணியில கண்ணு கண்ணாத் துளை திறக்கிறது,” என்றார் சங்கரநயினார். ஒரு விரலை மடக்கினார்.

மரக்காளான். “ஓட்டைக்கு அடியில வச்சுப் பிடிக்கணும். ஒரு ஓட்டை முடிஞ்சதும் அடுத்த ஓட்டைக்குப் போகணும்.”

“சரி! காலுறை கிழிஞ்சா ஓட்டைக்கு அடியில இதை வச்சுத்தான் நூலால அடைப்போம். இவ்வளவு விவரமா எந்த மாப்பிள்ளையும் சொன்னதில்ல.” கொம்பையா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

பித்தளைக் குருவி. “இது பிடிச்சா விடாது. மேஜையில நிக்கும். வாலை அமுக்கினாத்தான் விடும்.” கொம்பையாவின் மீசை வலதுபக்கம் மட்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்த பிறகு யாரும் சாட்சி கேட்கவில்லை.

“சரி! தைக்கிறப்ப துணியோட ஒரு ஓரத்தைப் பிடிச்சுக்கிடும். மூணாவது கை மாதிரி.”

அப்புறம் வளையம். மாசானம் பலவேசத்தைப் பார்த்தான். பலவேசம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இது வயசைக் காட்டுற கண்ணாடி,” என்றான் மாசானம்.

“தப்பு. துணியை இழுத்துப் பிடிச்சுப் பூ போடுற வளையம்.” இரண்டாவது விரலும் மடங்கியது.

மிச்சம் கத்தரிக்கோல். சங்கரநயினார் துண்டைப் பிரித்து அதை மாசானத்துக்கு முன்னால் வைத்தார். “இது எதுக்கு மாப்ளே?”

“பாக்கு! பாக்குன்னு சொல்லுல!” என்று பின்னாலிருந்து கொம்பையா ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார்.

மாசானம் நீல நாடாவைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்தான். கண் கலங்கியது. “எனக்குத் தெரியாதுங்க. இது அவங்க கைபட்டது. நான் தொடல. யாரையும் தொடவும் விடல.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது. சங்கரநயினார் எழுந்துவந்து மாசானத்தைக் கட்டிக்கொண்டார்.

“அதுதான் மாப்ளே பதில்! இந்த வழக்கம் வந்ததே அதுக்காகத்தான். பொண்டாட்டி கத்தரிக்கோலை எடுத்துப் பாக்கு வெட்டவும் சாக்கு அறுக்கவும் செஞ்ச நாலு பயலுவளைத் திருப்பி அனுப்பியிருக்கோம். தொடமாட்டேன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான்!”

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் கொம்பையாவுக்கு ஒரு குறை. பெண் வீட்டாருக்கு வழக்கம் இருக்கிறது, நமக்கு இல்லையா? எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

“எங்க ஊர்லயும் ஒரு வழக்கம் உண்டு,” என்றார். அவர் எழுந்து நிற்கும்வரை அப்படி ஒன்று இருந்ததில்லை. “பொண்ணு மாப்பிள்ளையைப் பாத்து, இது எதுக்குப் பயன்படும்னு சபையில சொல்லணும்.”

நியாயம்தான் என்றார் சங்கரநயினார். ஆவுடைத்தங்கம் முன்னால் வந்தாள். மாசானத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பயனுள்ளவனாகத் தெரிய முயற்சி செய்தான்.

“பாத்தா தெரியல,” என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. “பழகிப் பாத்துத்தான் சொல்லணும்.”

நாலு பேரும் மூலைக்குப் போய்க் கலந்து பேசினார்கள். பெட்டியைப் பழக எட்டு நாள் தந்தார்கள். மாப்பிள்ளைக்கும் எட்டு நாள்தான் முறை. முகூர்த்தமும் ஒன்பதாம் நாள்தான். ஆகவே மாசானத்தை அங்கேயே விட்டுவிட்டு மற்ற மூன்று பேரும் ஊர் திரும்பினார்கள்.

மாசானம் பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டான். பகலில் தண்ணீர் இறைத்தான், விறகு பிளந்தான், பந்தலுக்குக் குழி தோண்டினான். ஆறு நாள் நன்றாகப் போயிற்று. ஏழாம் நாள் ஆவுடைத்தங்கம் தன் கூறைச்சேலையின் முந்தானையில் கடைசிப் பூவைப் போட்டுக்கொண்டிருந்தாள். குருவியை மாட்டுகிற மேஜையைச் சமையற்காரர்கள் காய் நறுக்கத் தூக்கிப் போயிருந்தார்கள்.

“இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க,” என்றாள் மாசானத்திடம். “நான் சொல்லுத வரைக்கும் விட்டுராதீங்க.”

மாசானம் பிடித்துக்கொண்டான். பூ முடிந்தது. அவள் ஊசியைக் குத்தி வைத்த அதே நேரம் நலங்கு வைக்கப் பெண்கள் வந்து அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். நலங்கு வைத்த பிறகு தாலி ஏறும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது வெள்ளாங்கரை வழக்கம். வழக்க விஷயத்தில் அவர்களும் கவனமானவர்கள்தான்.

“மாப்ளே, வேலை முடிஞ்சிட்டு, விடுங்க,” என்றார் சங்கரநயினார்.

“அவங்க சொல்லட்டும்,” என்றான் மாசானம்.

அன்று இரவும் மறுநாள் இரவும் மாசானம் பக்கத்து வீட்டுக்குப் படுக்கப் போனபோது சேலையும் கூடவே போயிற்று. முகூர்த்த நாள் காலையில் அவள் அறைக்குள் சேலை கட்டினாள். அவன் வெளியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கதவிடுக்கு வழியாக முந்தானையைப் பிடித்திருந்தான். இருவரும் அப்படியே மணவறைக்கு வந்தார்கள். கட்டுவதற்கு முன்னாலேயே முந்தானையைப் பிடித்துவிட்டானே என்று கிழவர்கள் பொருமினார்கள்.

தாலியைக் கையில் கொடுத்தார்கள். முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும். மாசானம் கொஞ்சம் யோசித்தான். முந்தானை ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு தாலியை வாங்கினான்.

முன்வரிசையில் இருந்த பலவேசம் கொம்பையாவின் விலாவில் இடித்தான். “மாமா, பாத்தியளா? துணியைப் பல்லுல கவ்வுதான்.”

“இது இவங்க வழக்கம்ல. நாம கவ்வலேன்னா மரியாதையா இருக்காது,” என்றார் கொம்பையா. பக்கத்தில் நின்ற சங்கரநயினாரின் தோள்துண்டு நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டார். பலவேசம் கொம்பையாவின் துண்டைக் கவ்வினான். வண்டிமலை பலவேசத்தின் துண்டை. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அறுபது பேரும் வரிசையாக, பக்தியோடு கவ்விக்கொண்டார்கள்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கத்தினார் சங்கரநயினார். நாயனக்காரரும் கூனம்பொத்தைக்காரர். அவர் பல்லில் தவில்காரரின் துண்டு இருந்தது. நாயனம் எடுக்காமல் தவில் எப்படி எடுப்பது? வெள்ளாங்கரையில் அவ்வளவு அமைதியாக ஒரு தாலி ஏறியதே இல்லை.

மூன்று முடிச்சும் விழுந்ததும் ஆவுடைத்தங்கம் முதல் வார்த்தையைப் பேசினாள். “இப்ப விடுங்க.” மாசானம் விட்டான். அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஒன்றரை நாள் ஒரு வார்த்தையைக் காப்பாற்றியவன் தன்னையும் பத்திரமாகத்தான் வைத்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. இது எதற்குப் பயன்படும் என்று இனி யாரும் அவளைக் கேட்கவேண்டியதில்லை.

ஆனால் அவள் மாசானத்திடம்தானே சொன்னாள்? மற்ற அறுபது பேரும் கவ்வியபடியே வரிசையாகப் பந்திக்குப் போய் உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று, பாயசமும் வந்துவிட்டது. வாயைத் திறக்க ஆளில்லை. மாலையும் கழுத்துமாக ஆவுடைத்தங்கமே ஒவ்வோர் இலையாகப் போய், “நீங்களும் விடலாம், நீங்களும் விடலாம்,” என்று சொல்லவேண்டியிருந்தது.

கொம்பையாவிடம் வந்தபோது அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஏன் என்று கேட்டார்கள். பதில் சொன்னால் துண்டு விட்டுப்போகும் என்பதால் அவர் சொல்லவில்லை. சங்கரநயினாராவது துண்டைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சம்பந்திக்கு முன்னால் தோள்துண்டை எடுக்கக் கூடாது என்பது வெள்ளாங்கரை வழக்கம்.

சாயங்காலம் வண்டி பூட்டினார்கள். பெண்கள் வழக்கப்படி அழுதார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நின்று கையசைக்க, கொம்பையா கவ்விய துண்டோடு புகுந்த வீட்டுக்குச் சங்கரநயினார் புறப்பட்டுப் போனார்.